அயனி அலமாரியும் நூல் கணக்கும்

தக்கலைப் பக்கம் எங்கள் பழைய வீட்டில், நடு அறைச் சன்னலுக்கும் மூலைக்கும் இடையே சுவர் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். அந்த இடத்தில் ஒரு புத்தக அலமாரி செய்வதென்று முடிவாகி, டேப்பை வைத்து அளந்தேன். மேலே 38¾ இஞ்சு, நடுவில் 38⅝, கீழே 38 11/16. கையால் பூசிய ஓட்டு வீட்டுச் சுவர். மூன்று இடத்திலும் ஒரே அளவு வந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அலமாரி உள்ளே போக வேண்டுமானால் மூன்றில் எது சிறியதோ அதைத்தான் எடுக்க வேண்டும்.

எது சிறியது என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். ஆறாம் வகுப்பு. பின்னம் வந்த பக்கங்களில் எல்லாம் அவள் நோட்டில் சிவப்பு மை. "11/16-தான் பெரிசு அத்தை, 16 பெரிய நம்பர்லா" என்றாள். டேப்பை அவள் கையில் கொடுத்து மூன்றையும் தேடிப் பிடிக்கச் சொன்னேன். 38-க்கும் 39-க்கும் நடுவில் பதினாறு சின்னக் கட்டங்கள். ¾ பன்னிரண்டாவது கோட்டில் இருக்கிறது, ⅝ பத்தாவதில், 11/16 பதினொன்றாவதில். விரலை வைத்துப் பார்த்ததும் மூன்றும் தானாக வரிசையில் நின்றுவிட்டன. பகுதியைச் சமமாக்கு என்று புத்தகம் சொல்வது இதைத்தான். ஆனால் அந்த வாக்கியத்தில் டேப்பும் இல்லை, சுவரும் இல்லை.

இந்த வேலையை அவளோடு சேர்ந்தே செய்யலாம் என்று அப்போதுதான் தோன்றியது. அலமாரி எனக்கு, கணக்கு அவளுக்கு. செய்தவரை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் பின்னத்தோடு மல்லுக்கட்டும் பிள்ளை இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் மரம். 2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கிப் புயலில் எங்கள் பின்பக்கத்து அயனி வேரோடு சாய்ந்தது. குமரி மாவட்டத்தில் அந்த ஒரே நாளில் விழுந்த ரப்பரும் தென்னையும் வாழையும் போக, இப்படி வீட்டு மரங்களும் ஏராளம். அயனி பலாவின் சொந்தக்கார மரம். கேரளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள். தண்ணீரில் சீக்கிரம் மக்காது. கடற்கரையில் வள்ளம் செய்வதற்கும், உள்நாட்டில் கதவு நிலைக்கும் கூரைக்கும் காலங்காலமாகப் போகும் மரம். விறகுக்குக் கொடுக்க மனசு வராமல் மில்லில் ஒரு இஞ்சுப் பலகையாக அறுத்து, இடையிடையே ரீப்பர் வைத்து மாட்டுத் தொழுத்தின் பரணில் அடுக்கிவிட்டோம். மில்காரர் அன்று எழுதிக் கொடுத்த சீட்டு பத்திரமாக இருந்தது. சுற்று 45 இஞ்சு, நீளம் 8 அடி, 7.03 கன அடி.

அந்த 7.03 எப்படி வந்தது? இதுதான் முதல் பெருக்கல் கணக்கு. உருண்டை மரத்துக்கு மில்லிலும் டிப்போவிலும் போடும் கணக்கு இது: சுற்றளவை நாலால் வகு, வந்ததை அதனாலேயே பெருக்கு, அடிக்கணக்கில் நீளத்தால் பெருக்கு, 144-ஆல் வகு. 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹாப்பஸ் என்பவர் போட்ட அட்டவணையால் பரவிய முறை. மரத்தின் உண்மையான கன அளவில் சுமார் 78½ சதவீதம்தான் இதில் வரும். உருண்டையைச் சதுரமாக்கும்போது நாலு பக்கமும் உரிந்து போகிற பட்டைப் பலகைக்குக் கழிவு விட்ட கணக்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

45-ஐ நாலால் வகுத்தால் 11¼. அதைச் சதுரமாக்க வேண்டும். பிள்ளை எழுதியது: 11 × 11 = 121, ¼ × ¼ = 1/16, ஆக 121 1/16. முழுசை முழுசோடும் பின்னத்தைப் பின்னத்தோடும் பெருக்குவது பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. கூட்டலில் அப்படித்தானே செய்கிறோம்? இந்த இடத்தில்தான் பாதிப் பிள்ளைகள் வழுக்குகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இழைக்காத பலகை ஒன்றைத் தரையில் போட்டுச் சாக்பீஸால் ஒரு சதுரம் வரைந்தோம். ஒவ்வொரு பக்கமும் 11¼ என்று வைத்துக்கொண்டு, 11 முடிகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. இப்போது சதுரம் நாலு துண்டாகிவிட்டது. பெரிய துண்டு 11-க்கு 11, அது 121. மூலையில் பொட்டுப்போல ¼-க்கு ¼, அது 1/16. இவை இரண்டும் அவள் எழுதியவை. மேலேயும் பக்கத்திலும் ஒல்லியாக இரண்டு பட்டை மிச்சம் நிற்கிறது. ஒவ்வொன்றும் 11-க்கு ¼, அதாவது 2¾. "இதை யாரு கணக்கில சேப்பா?" என்று கேட்டதும் சிரித்துவிட்டாள். இரண்டு பட்டையும் சேர்ந்து 5½. ஆக 121 + 5½ + 1/16 = 126 9/16. இதையே தகா பின்னமாக மாற்றி 45/4 × 45/4 என்று போட்டாலும் 2025/16 வரும், அதுவும் 126 9/16-தான். பெருக்கலுக்குத் தகா பின்னம்தான் சுருக்கு வழி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நாலு துண்டை ஒரு தடவை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பட்டைகள் மறக்காது.

மீதிக் கணக்கு வேகமாக ஓடியது. 126 9/16 × 8. 126 எட்டு தடவை 1008; 9/16 எட்டு தடவை 72/16, அதாவது 4½. மொத்தம் 1012½. இதில் 144 ஏழு தடவை போகும், 1008. மிச்சம் 4½. அதை 144-ஆல் வகுத்தால் 9/288, சுருக்கினால் 1/32. ஆக 7 1/32 கன அடி. முப்பத்திரண்டில் ஒன்று என்பது தசமத்தில் 0.03-க்குக் கொஞ்சம் கூட. மில்காரர் சீட்டு சரி. பட்டைகளை விட்டிருந்தால் 5½ × 8 = 44, அதை 144-ஆல் வகுத்தால் 11/36; ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவாக மரம் காணாமல் போயிருக்கும். காசு கொடுத்து மரம் வாங்கும் இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

பலகை பரணிலிருந்து இறங்கியது. இழைக்கக் கொடுத்ததில் ஒரு இஞ்சு கனம் ⅞ இஞ்சாகத் திரும்பி வந்தது. அகலம் ஓரம் தட்டிய பிறகு 9 இஞ்சு, நீளம் 8 அடி, அதாவது 96 இஞ்சு.

இங்கே ஆசாரியைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கதவுகளுக்கு அவரும் அவர் அப்பாவும்தான் வேலை செய்தார்கள். இப்போது வயதாகிவிட்டதால் பெரிய வேலைக்குப் போவதில்லை. நம் வீட்டில் வந்து ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வழி சொல்லுவார், கை பரபரத்தால் உளியை வாங்கிக்கொள்வார். அவர் வாயில் ⅝ என்றோ எட்டில் ஐந்து என்றோ வரவே வராது. அஞ்சு நூல். எட்டு நூல் ஒரு இஞ்சு, அவ்வளவுதான் அவருடைய பின்னம் முழுக்க. இது மரவேலைக்காரர்கள் மட்டும் பேசுகிற கணக்கும் இல்லை. கம்பிக் கடையில் 10 மில்லி கம்பியை மூணு நூல் என்பார்கள், 12 மில்லி நாலு நூல், 16 மில்லி அஞ்சு நூல், 8 மில்லி இரண்டரை நூல். நூலுக்கும் கீழே போக வேண்டும் என்றால் அரை நூல், டேப்பின் மிகச் சின்னக் கோடு. பழைய வாய்பாட்டில் அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாக இறங்குவார்களே, அந்த அரைக்கால்தான் நூல், அந்த வீசம்தான் அரை நூல். அதற்கும் முந்தின கணக்கில் எட்டு நெல் ஒரு விரல். எப்படிப் பார்த்தாலும் எட்டுதான்.

சரி, அகலத்துக்கு வருவோம். இடம் 38⅝. இரண்டு பக்கமும் ஒவ்வொரு நூல் விட வேண்டும் என்றார் ஆசாரி. இங்கே ஜூனில் ஒரு மழை, அக்டோபருக்கு மேல் இன்னொரு மழை. மரம் ஈரம் குடித்தால் ஊதும். நீளவாக்கில் அவ்வளவாக ஒன்றும் ஆகாது, அகலத்திலும் கனத்திலும்தான் அசைவு. சுவரும் கோணல். ஆக வெளி அகலம் 38⅝ − 2/8 = 38⅜. இது சுலபம்.

இதிலிருந்து இரண்டு பக்கப் பலகையின் கனத்தைக் கழித்தால் உள் அகலம். இரண்டு ⅞ சேர்ந்து 14/8, அதாவது 1 6/8. கழிக்க வேண்டியது 38 3/8 − 1 6/8. மூன்றிலிருந்து ஆறு போகாது. பிள்ளை உடனே பென்சிலை எடுத்து 38 3/8-ஐ 307/8 ஆக்கினாள். 1 6/8-ஐ 14/8 ஆக்கினாள். 293/8 வந்தது. பிறகு 293-ஐ எட்டால் வகுத்து 36 5/8. விடை சரி. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. எட்டு முப்பத்தெட்டு எவ்வளவு என்று பெருக்கி, மூன்றைக் கூட்டி, கழித்து, மறுபடி வகுத்து... இதில் எங்கே கை தவறினாலும் பிள்ளைக்குத் தெரியப் போவதில்லை, ஏனென்றால் 307 என்ற எண்ணுக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு ஒட்டும் இல்லை.

ஆசாரி ஸ்டூலில் இருந்தே சொன்னார்: "மக்ளே, முப்பத்தெட்டுல ஒண்ணை உடை. முப்பத்தேழு இஞ்சு, பதினோரு நூலு. அதுல ஒரு இஞ்சும் ஆறு நூலும் எடு." 37 11/8 − 1 6/8 = 36 5/8. ஒரே வரி.

எனக்கு இதில் அழுத்தமான அபிப்பிராயம் உண்டு. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்றவே வேண்டாம். முழுசு முழுசோடு, பின்னம் பின்னத்தோடு, போதாவிட்டால் ஒரு முழுசை உடைத்துக் கடன் வாங்கு. இரண்டாம் வகுப்பில் பத்தைக் கடன் வாங்கியதுபோல இங்கே எட்டைக் கடன் வாங்குகிறோம். பகுதி 12 என்றால் பன்னிரண்டைக் கடன் வாங்குவோம். எல்லாக் கணக்குக்கும் ஒரே வழி என்று 'முதலில் தகா பின்னமாக்கு' எனச் சொல்லிக்கொடுப்பது சொல்லிக்கொடுக்கிறவருக்குச் சௌகரியம், போடுகிற பிள்ளைக்குச் சுமை. 38 இஞ்சில் ஒன்றே முக்கால் போனால் முப்பத்தாறு சொச்சம்தான் வரும் என்ற ஊகம் கடைசிவரை கையில் இருக்க வேண்டும். 307 என்று எழுதிய கணமே அது போய்விடுகிறது.

தட்டுகள் பக்கப் பலகைக்குள் இரண்டு நூல் ஆழம் இறங்கி உட்கார வேண்டும். அப்போதுதான் புத்தகப் பாரம் ஸ்குரூவில் மட்டும் தொங்காது. ஆக தட்டின் நீளம் 36⅝ + ¼ + ¼. அஞ்சு நூலும் நாலு நூலும் ஒன்பது நூல், அதாவது ஒரு இஞ்சு ஒரு நூல். 37⅛. இதை அவளே வாயால் சொன்னாள், பென்சில் இல்லாமல்.

உயரம்தான் ருசியான பகுதி. சன்னல் படியின் மட்டத்தோடு சேர வேண்டும் என்பதால் மொத்த உயரம் 54¼. தரையைத் துடைக்கும்போது தண்ணீர் படாமல் இருக்க அடியில் 2½ இஞ்சுக் கால்பட்டை. மேல்தட்டு, அடித்தட்டு, நடுவில் மூன்று, ஆக ஐந்து பலகை; 5 × ⅞ = 35/8 = 4⅜. பலகையும் பட்டையும் சேர்ந்து 6⅞. மீதி இடம் 54 2/8 − 6 7/8, கடன் வாங்கினால் 53 10/8 − 6 7/8 = 47⅜. இதை நாலு அறைக்குச் சமமாகப் பங்கிட வேண்டும்.

வகுத்தலுக்கு அவளைத் தகா பின்னமாக மாற்றச் சொன்னேன். 379/8 ÷ 4 = 379/32 = 11 27/32. சரியான விடை. பரீட்சையில் முழு மதிப்பெண். இப்போது டேப்பில் 27/32-ஐக் காட்டு என்றேன். இல்லை. டேப்பின் கடைசிக் கோடே பதினாறில் ஒன்றுதான். 27/32 என்பது 13/16-க்கும் 14/16-க்கும் நட்டநடுவே, கோடே இல்லாத இடத்தில் நிற்கிறது.

அப்புறம் ஆசாரியிடம் கேட்டோம். அவர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நாப்பத்தேழு இஞ்சு மூணு நூலு. நாலு பேருக்குப் பங்கு வச்சா ஆளுக்குப் பதினொண்ணு, பாக்கி மூணு இஞ்சு. மூணு இஞ்சுன்னா இருபத்துநாலு நூலு, கையில உள்ள மூணையும் சேத்தா இருபத்தேழு. ஆளுக்கு ஆறு நூலு. பாக்கி மூணு நூலு. அதை மூணு தட்டுக்கு ஒவ்வொண்ணா குடுத்துரு. ஒரு தட்டுக்கு இல்லாம போட்டும், கேட்டியா?"

அதாவது மூன்று அறை 11⅞, ஒரு அறை 11¾. கூட்டிப் பார்த்தோம்: 35⅝ + 11¾ = 47⅜. இடம் ஒரு மயிரிழைகூட மிஞ்சவில்லை. 27/32-ஐ அவர் எழுதவே இல்லை, ஆனால் அந்த 27 அவர் வாயில் இருபத்தேழு நூலாக வந்துவிட்டுப் போனதைக் கவனித்தீர்களா? பிள்ளை கவனித்தாள். "தாத்தாவும் இருபத்தேழுதான் சொன்னா" என்று நோட்டில் வட்டம் போட்டாள்.

குறைந்த அறையை எங்கே வைப்பது? அடியில் என்றார். கண் மட்டத்தில் ஒரு நூல் வித்தியாசம் உறுத்தும், காலடியில் யாரும் பார்ப்பதில்லை. அடி அறைக்கு 11¾ போதுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டேன். ஏ4 தாளின் நீளம் 297 மில்லி, இஞ்சில் 11 11/16-க்கு ஒட்டி வரும். 11¾ என்பது 11 12/16. ஏ4 நோட்டுகள் தலை இடிக்காமல் நிற்கும், ஆனால் நடுவில் ஒரு வீசம் இடம்தான்.

குறி போடுவதற்கு டேப்பை ஒவ்வொரு அறைக்கும் தூக்கி வைக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அரை நூல் நழுவினால் மேலே போகும்போது இரண்டு நூல் ஆகிவிடும். அடியிலிருந்து தொடர்ச்சியாகக் கூட்டிக்கொண்டே போய், டேப்பை ஒரே தடவை நீட்டி எல்லாக் குறியையும் போட வேண்டும். இந்தத் தொடர் கூட்டல்தான் அவளுக்குக் கிடைத்த நல்ல பயிற்சி. அடித்தட்டு 2½-இல் தொடங்கி 3⅜-இல் முடிகிறது. அடி அறை 11¾ சேர்த்தால் 15⅛. தட்டு ஏறினால் 16. அடுத்த அறைக்கு 27⅞, தட்டுக்கு 28¾. பிறகு 40⅝, 41½. கடைசி அறை 53⅜, மேல்தட்டு ஏறி 54¼. தொடங்கியபோது எடுத்த உயரத்தில் கச்சிதமாக வந்து நின்றது. நடுவில் ஏதாவது ஒரு கூட்டல் பிசகியிருந்தால் கடைசி எண் காட்டிக்கொடுத்திருக்கும். விடைப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை.

பாதிவழியில் அவளே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். ⅞-ஐக் கூட்டுவதற்குப் பதில் ஒன்றைக் கூட்டி ஒரு நூலைக் குறை. 40⅝-க்கு ⅞ என்றால் 41⅝, ஒரு நூல் குறைத்து 41½. இன்னும் கொஞ்சம் போனதும், அறையும் தட்டும் சேர்ந்து எப்போதும் 12¾ என்று பிடித்துவிட்டாள். குறைந்த அடி அறையை விட்டுவிட்டு, 16-லிருந்து 12¾, 12¾ ஆக ஏறினால் போதும்: 28¾, 41½, 54¼. நான் சொல்லித் தரவில்லை.

குறிகளை முதலில் ஒரு மெல்லிய ரீப்பரில் போட்டு, அதை அளவுக்குச்சியாக வைத்துக்கொண்டு இரண்டு பக்கப் பலகைக்கும் மாற்றினோம். டேப்பை இரண்டு பலகையிலும் தனித்தனியாக வைத்தால் இடதும் வலதும் ஒத்துவராமல் தட்டு சாயும்.

வெட்டுவதற்கு முன்னால் எந்தப் பலகையில் எது என்று ஒரு கணக்கு. பக்கப் பலகை 54¼, தட்டு 37⅛. இரண்டும் சேர்ந்து 91⅜. பலகை 96. மிச்சம் 4⅝. ஆனால் வாளும் மரம் தின்னும். ஒரு வெட்டுக்கு ஒரு நூல் என்று வைத்தால், இரண்டு முனையும் நடுவும் சேர்ந்து மூன்று வெட்டு, ⅜ போய் 4¼. இத்தனை வருஷம் பரணில் கிடந்த பலகையின் முனைகளில் வெடிப்பு இருக்கும். இரண்டு முனையும் சேர்ந்து 4¼ வரை வெட்டி எறியலாம் என்று அர்த்தம். இரண்டு பலகையில் அது தாராளமாகப் போதியது. மூன்றாவது பலகையில் இரண்டு தட்டு, நாலாவதில் ஒரு தட்டும் கால்பட்டையும். பள்ளம் வெட்டுவது, ஒட்டுவது எல்லாம் வழக்கமான வேலைதான், விரிக்கவில்லை. இரண்டு மட்டும் சொல்கிறேன். பள்ளத்தின் அகலத்தை ஆசாரி டேப்பால் குறிக்க விடவில்லை. தட்டுப் பலகையையே குறியின் மேல் மூலைமட்டத்தோடு நிறுத்தி, கத்தி முனையால் இரண்டு ஓரமும் கீறினார். ஒவ்வொரு பலகையும் ⅞ என்று நாம் சொல்லிக்கொண்டாலும் ஒன்று கால் நூல் கூட, ஒன்று குறைய இருக்கும். எந்தத் தட்டு எந்தப் பள்ளத்துக்கோ அதை வைத்தே கீற வேண்டும், ஒன்று இரண்டு என்று எண் போட்டுக்கொள்ள வேண்டும். பின்னம் எங்கே உதவாது என்று தெரிவதும் நல்லதுதான். இன்னொன்று மூலைவிட்டம். பூட்டி நிறுத்திய பின் குறுக்கே அளந்தால் ஒரு பக்கம் 66½, மறு பக்கம் 66 7/16. வித்தியாசம் 1/16. நீளமான மூலையை எவ்வளவு அழுத்த வேண்டும் என்றதும் பிள்ளை 1/16 என்றாள். இல்லை, ஒன்று குறையும்போது மற்றது கூடும், ஆகவே அதில் பாதி, 1/32. டேப்பில் இல்லாத அதே முப்பத்திரண்டு. கோடு தேடாமல், நீளமான மூலைக்குக் குறுக்கே கயிறு கட்டி, இரண்டு அளவும் ஒன்றாகும்வரை அதை முறுக்கினோம். அடிப்பாகத்துக்கும் பின்பக்கத்துக்கும் கறையான் வராமல் முந்திரிக்கொட்டை எண்ணெய், முன்பக்கம் வார்னிஷ்.

நாலாவது பலகையில் மிஞ்சிய துண்டின் முனையைச் சதுரமாக்கி அளந்தால் 21¾ இஞ்சு. அதில் போன் நிறுத்திவைக்கும் சின்னக் கட்டைகள் செய்து சிநேகிதிகளுக்குக் கொடுக்க வேண்டும் என்றாள். ஒன்றுக்கு 2⅝ அகலம். எத்தனை வரும்?

கலப்பு பின்னத்தைக் கலப்பு பின்னத்தால் வகுப்பது பிள்ளைகளுக்கு வெறும் மந்திரம்: தலைகீழாக்கிப் பெருக்கு. ஏன் தலைகீழ் என்று யாரும் கேட்பதில்லை. நாங்கள் இரண்டையும் நூலாக்கினோம். 21¾ இஞ்சு 174 நூல். 2⅝ இஞ்சு 21 நூல். 174-இல் 21 எத்தனை தடவை? எட்டு தடவை 168, மிச்சம் 6. எட்டு கட்டை, ஆறு நூல் மிச்சம். பிறகு புத்தக வழியில் போட்டுப் பார்த்தாள்: 87/4 × 8/21 = 174/21 = 8 6/21 = 8 2/7. எட்டு சரி, அந்த 2/7 என்ன? "2/7 இஞ்சு மிச்சமா அத்தை?" கையில் இருப்பது ஆறு நூல், அதாவது முக்கால் இஞ்சு. 2/7 இஞ்சு என்பது கால் இஞ்சுக்குக் கொஞ்சம் கூட. இரண்டும் ஒத்துவரவில்லை.

ஒத்துவராது. 8 2/7 என்பது இஞ்சு இல்லை, கட்டை. எட்டு முழுக் கட்டையும், இன்னொரு கட்டையில் ஏழில் இரண்டு பங்கும். 2/7 × 2⅝ = 2/7 × 21/8 = 42/56 = ¾. வந்துவிட்டது முக்கால் இஞ்சு. வகுத்தலின் மிச்சம் எந்த அளவில் பேசுகிறது என்பது பெரியவர்களுக்கே குழம்பும் இடம். கையில் துண்டு இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் தீர்ந்தது.

வாள் வெட்டை எண்ணியதும் கணக்கு இன்னொரு தடவை மாறியது. எட்டு கட்டைக்கு நடுவே ஏழு வெட்டு, ஏழு நூல். மிச்சம் இருப்பதோ ஆறு நூல். "ஒரு நூலு காணாது" என்றார் ஆசாரி. கடைசிக் கட்டை மட்டும் 2½ இஞ்சு. அதைத் தனக்கு வைத்துக்கொண்டு மற்ற ஏழையும் கொடுக்கலாம் என்று அவள் ஏற்பாடு செய்தாள்.

மில்லிமீட்டரில் அளந்திருந்தால் இத்தனை பாடும் இல்லையே என்று அண்ணன் கேட்டான். உண்மைதான். 1956-இல் மெட்ரிக் சட்டம் வந்துவிட்டது. பள்ளியில் இஞ்சே இல்லை. ஆனால் கடைக்குப் போனால் பிளைவுட் 8-க்கு 4 அடி, கனம் 18 மில்லி, அதன் பெயர் முக்கால் இஞ்சு. முக்கால் இஞ்சு சரியாக 19.05 மில்லி. நீளம் ஒரு கணக்கில், கனம் ஒரு கணக்கில், பெயர் இன்னொரு கணக்கில். இந்தச் சந்தைக்குள் வாழும்வரை பின்னம் தெரியாமல் தப்பிக்க முடியாது. தனியாக மில்லியில் ஒரு அலமாரி செய்ய வேண்டுமென்றால் நானும் மில்லியில்தான் செய்வேன், அது வேறு.

இப்போது அண்ணனுக்கும் ஒரு அலமாரி வேண்டுமாம். இதே உயரம், ஆனால் நாலுக்குப் பதில் ஐந்து அறை. கணக்கை அவளிடமே விட்டுவிட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள். பலகை ஆறு, 5¼ இஞ்சு. கால்பட்டை 2½. 54¼-இல் இவை போக 46½. ஐந்தால் வகுத்தால் 9 3/10, பத்தில் மூன்றுக்கு டேப்பில் கோடு கிடையாது. நூல் வழியில் ஆளுக்கு ஒன்பது இஞ்சு, பாக்கி ஒரு இஞ்சு நாலு நூல், அதாவது பன்னிரண்டு நூல். ஆளுக்கு இரண்டு, பாக்கி இரண்டு நூல். மூன்று அறை 9¼, இரண்டு அறை 9⅜. எந்த இரண்டு அறைக்கு அந்தக் கூடுதல் நூல் என்பதில்தான் அப்பனுக்கும் மகளுக்கும் இன்னும் பேச்சு முடியவில்லை.